தன்மதிப்பீடும் தமிழரின் மௌனமும்

தூது, உலா, பரணி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று நீளும் பிரபந்த வகைகளின் பட்டியலைப் பரீட்சைக்காக மனனம் செய்யாத தமிழ் மாணவர் எவருமிலர். தொண்ணூற்றாறு என்று தொகை கூறி நாம் பெருமைப்படும் அப்பட்டியலில் ஒரு வகை இடம்பெறவில்லை. இன்று உத்தியோகம் பார்க்கும் நம்மவர் பலர் ஆண்டுதோறும் இயற்றியாகவேண்டிய வகை அது. அவர்தம் சம்பள ஏற்றமும் பதவியுயர்வும் அதைப் பொறுத்தே அமைகின்றன. கோவை என்றதும் இலக்கியம் நினைவுக்கு வந்த காலம் போய், அலுவலகக் கோவையே நினைவுக்கு வரும் காலத்தில் வாழ்கின்றோம். அக்கோவைக்குள் செருகப்படும் அந்த இரண்டு பக்கப் படிவத்தையே தன்மதிப்பீடு என்கின்றனர். “கடந்த ஆண்டில் நீர் ஆற்றிய பணி யாது? அதனை நீரே மதிப்பிடுக” என்பது அதன் உட்கிடை. அதற்கு நாம் அளிக்கும் விடையைப் பற்றியதே இக்கட்டுரை.

கொழும்பு 10 என்ற அஞ்சல் இலக்கத்தைக் கொண்ட மருதானை, உழைப்பின் பல முகங்களையும் ஒரே வீதியில் காட்டவல்ல இடமாகும். ஒல்கொட் மாவத்தையில் புகையிரதத் திணைக்களத்தின் தலைமையகம் இருக்கின்றது. சற்றுத் தொலைவில் 1893 இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி இருக்கின்றது. இந்நாட்டின் பொறியியற் கல்வி அக்கல்லூரியிலிருந்தே கிளைத்தது. பஞ்சிகாவத்தைப் பக்கம் திரும்பினால் வாகன உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. காலையில் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வந்திறங்கி இவ்விடங்களுக்குட் புகும் தமிழ் உழைப்பாளரை மூவகையினராகக் காணலாம். ஆண்டிறுதியிற் படிவம் நிரப்புவோர் முதல் வகையினர். படிவம் நிரப்பும் நிலைக்கு வருவதற்காகப் படிப்போர் இரண்டாம் வகையினர். படிவமே இல்லாமல், முதலாளியின் முகக்குறிப்பைக் கொண்டு தம் மதிப்பை அறிந்துகொள்வோர் மூன்றாம் வகையினர். இம்மூன்றாம் வகையினரை எண்ணிப் பார்த்தால், படிவம் என்பது வெறுந் தொல்லை என்று இகழ்வதற்கு நமக்கு மனம் வராது.

முதல் வகையினருள் ஓர் எழுதுவினைஞரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், ஏனெனில் அவர் ஒருவரல்லர். மேசைமேல் படிவம் வந்து பத்து நாளாயிற்று. சமர்ப்பிக்கவேண்டிய நாளின் பிற்பகல் மூன்று மணிக்கு அதனைக் கையில் எடுக்கின்றார். சென்ற ஆண்டு தாம் எழுதியதன் பிரதியைத் தேடுகின்றார், கிடைக்கவில்லை. பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டு வாங்கி, “எனக்கு ஒப்படைக்கப்பட்ட கடமைகள் யாவற்றையும் செவ்வனே நிறைவேற்றினேன்” என்ற பொருள்படும் வாக்கியத்தை, தமக்கு முழுமையாகப் பிடிபடாத மொழியில் பிரதிபண்ணிக் கையொப்பமிடுகின்றார். ஓராண்டு உழைப்பு ஒரு வரியில் அடங்கிவிட்டது. அடுத்த ஆண்டு பதவியுயர்வுப் பட்டியலில் தம் பெயரைக் காணாதபோது, “எங்களை யார் கவனிக்கின்றார்கள்?” என்று புகையிரத மேடையில் நின்று புலம்புகின்றார். புறக்கணிப்பு உண்மையாகவே இருக்கலாம். இந்நாட்டின் வரலாறு அதற்குச் சான்று பகரும். ஆயின், அதனை எதிர்த்து வழக்காடுவதற்கு வேண்டிய ஒரே ஆவணத்தை வெறுமையாக்கிக் கொடுத்தவரும் அவரே.

இம்மௌனத்திற்கு நம்மிடையே மூன்று நியாயங்கள் கூறப்படுகின்றன. மூன்றையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, அடக்கம். நிறைகுடம் தளும்பாது என்பர். தன்னைத் தானே புகழ்வது தமிழ்ப் பண்பன்று என்பர். திருக்குறளில் அடக்கமுடைமை என்று ஓரதிகாரம் இருப்பதையும் எடுத்துக்காட்டுவர். அதே நூலின் பொருட்பாலில் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று இரண்டு அதிகாரங்கள் இருப்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். வேலைக்கு ஒருவனை அமர்த்துவோன் அவனை ஆராய்ந்து அறியவேண்டிய பொறுப்பைப் பேசுவன அவை. ஆராய்வோனுக்குச் சான்று வேண்டாமா? குடம் நிறைந்திருப்பதை அதனைத் தூக்குபவனே அறிவான். இன்றைய அலுவலகத்தில் மேலதிகாரி குடத்தைத் தூக்குவதில்லை. குடத்தின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டையே வாசிக்கின்றார். அச்சீட்டில் எழுதவேண்டியவன் எழுதாது விட்டால், நிறைகுடமும் வெறுங்குடமும் அவர் கணக்கில் ஒன்றே.

தமிழ்ப் பண்பு என்று சொல்லப்படுவதன் இலக்கணத்தைத் தமிழிலக்கணத்திலேயே பார்த்துவிடலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் செய்த நன்னூலின் பாயிரம், எத்துணைப் பெரிய நூலை ஒருவன் இயற்றினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று முதலில் விதிக்கின்றது. நம்மவர் அவ்விதியோடு நின்றுவிடுகின்றனர். அடுத்த சூத்திரமே விதிவிலக்குகளைத் தருகின்றது. அரசனுடைய அவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதிலும், எதிராளி தன்னைப் பழிக்கும்போதும், தன்னை மெச்சிக்கொள்வது புலவனுக்குத் தகும் என்பது அதன் கருத்தாகும். இந்நான்கு சந்தர்ப்பங்களையும் ஓர் அரசாங்க அலுவலகத்தின் ஆண்டிறுதிப் படிவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரசுக்கு எழுதும் ஓலை அது. வாசிப்பவர் நம் ஆற்றலை அறியாதவர். சிலவேளை நம்மை நேரிற் கண்டிராதவர். பதவியுயர்வுக்குப் போட்டியிடும் அவையும் அங்கே உண்டு. நம்மைக் குறைத்துப் பேசும் குறிப்பு ஒன்று கோவையில் ஏற்கெனவே இருக்கவுங்கூடும். நான்கு விலக்குகளுள் ஒன்று வாய்த்தாலே போதும்; இங்கே நான்கும் ஒருங்கே வாய்க்கின்றன. ஆகவே அடக்கத்தின் பெயரால் மௌனம் சாதிப்போர் தமிழ் மரபைக் காப்பவரல்லர். அதன் பாதியை மட்டும் வாசித்தவர்கள்.

இரண்டாவது நியாயம், நமது முற்போக்கு நண்பர்கள் கூறுவது. அதனை இலேசாகத் தள்ளிவிட முடியாது. தொழிலாளியின் அசைவுகளைக் கடிகாரத்தால் அளந்த பிரடெரிக் ரெயிலர் தமது விஞ்ஞான முகாமைத்துவ நூலை 1911 இல் வெளியிட்டார். அன்று தொழிலாளியை அளப்பதற்கு அவன் தலைமாட்டில் ஒரு மேற்பார்வையாளன் நிற்கவேண்டியிருந்தது. 1954 இல் பீற்றர் டிரக்கர் குறிக்கோள்வழி முகாமைத்துவம் பற்றி எழுதினார். 1957 இல் டக்ளஸ் மக்கிரகர், மேலதிகாரி கடவுளின் ஆசனத்தில் அமர்ந்து தீர்ப்புக் கூறுவதிலும் பார்க்க ஊழியரே தம் இலக்குகளை வகுத்துத் தம்மை மதிப்பிடுவது நன்று என்று வாதிட்டார். விளைவு யாது என்று நண்பர்கள் கேட்கின்றனர். நமது மலையகத் தோட்டங்களிற் பிரட்டுக் களத்தில் நின்ற கங்காணியை நாம் அறிவோம். இன்று அக்கங்காணி ஒவ்வோர் உழைப்பாளியின் நெஞ்சுக்குள்ளும் குடியமர்த்தப்பட்டுள்ளான். தன்னைத் தானே அளந்து, தன் குறையைத் தானே ஒப்புக்கொண்டு, தண்டனைக்கு வேண்டிய வாக்குமூலத்தையும் தானே எழுதிக் கொடுக்கின்றான். இத்தகைய படிவத்தைச் செம்மையாக நிரப்பச் சொல்வது சுரண்டலுக்குத் துணைபோவதன்றோ என்பது அவர்களது வாதம்.

இதில் உண்மை உண்டு. தனியார் நிறுவனங்கள் பலவற்றில் தன்மதிப்பீடு அவ்வாறே பயன்படுத்தப்படுகின்றது. ஊழியரை வரிசைப்படுத்திக் கடைநிலையில் உள்ளோரை வெளியேற்றும் முறையை ஜெனரல் எலெக்ரிக் நிறுவனம் பிரபலப்படுத்தியது. அத்தகைய வரிசைப்படுத்தலைப் பல ஆண்டுகள் கைக்கொண்ட மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2013 இல் அதனைக் கைவிட்டது. ஆண்டுதோறும் ஆளுக்கு ஆள் புள்ளியிடும் வழக்கத்தை, முகாமைத்துவத்தைப் பீடித்த கொடிய நோய்களுள் ஒன்றாக டெமிங் 1986 இல் வெளியான தமது நூலில் எண்ணினார். குறைபாடுகளிற் பெரும்பாலானவை அமைப்பின் குறைகளே என்றும், அவற்றுக்குத் தனியாளைப் பொறுப்பாக்குவது பேதைமை என்றும் அவர் ஓயாது வற்புறுத்தினார். ஆயின், இவற்றிலிருந்து பெறப்படும் முடிபு, படிவத்தை வெறுமையாக விடுக என்பதன்று. குறை அமைப்பினுடையது என்றால் அதனைப் பதிவுசெய்ய வேண்டியவர் யார்? எட்டுப் பேர் செய்யவேண்டிய பிரிவில் ஐந்து பேரே இருந்தமையையும், மூன்று வெற்றிடங்கள் ஓராண்டாக நிரப்பப்படாதிருந்தமையையும், இயந்திரம் பழுதாகி இரண்டு மாதம் கையெழுத்திலேயே அலுவல் நடந்தமையையும் நாமே எழுதாவிடின், நிலுவையிற் கிடக்கும் கோவைகள் யாவும் நமது சோம்பலின் சாட்சிகளாகிவிடும். வெற்றுப் படிவம் புரட்சியாகாது. அது மேலதிகாரிக்கு நாம் அளிக்கும் வெற்றுக் காசோலை.

மூன்றாவது நியாயம் நம்பிக்கையின்மை. எழுதி என்ன பயன், எல்லாம் முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிட்டது என்பர். இதற்கு விடை கூறுவதற்கு ஓர் எழுதுவினைஞரின் கதையை நினைவுகூர்தல் தகும். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. அதன் தொடர்ச்சியாக, 1961 டிசம்பரில் வெளியான திறைசேரிச் சுற்றறிக்கை ஒன்று, அரச ஊழியர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியெய்தாவிடின் அவர்களுக்குச் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என விதித்தது. 1952 இல் எழுதுவினைஞர் சேவையிற் சேர்ந்த கோடீஸ்வரன் அப்பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962 ஏப்ரலில் அவருக்குரிய சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. அவர் ஆற்றிய பணியில் எவ்விதக் குறையும் கூறப்படவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அரச ஊழியர் தம் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின்மீது வழக்காட இயலாது என்று கூறி 1967 இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1969 டிசம்பரில் இலண்டனிலுள்ள கோமறைக் கழகம், வழக்காட உரிமையுண்டு என்று தீர்ப்புக் கூறி, அரசியலமைப்புப் பற்றிய பிரதான வினாவைத் தீர்க்குமாறு வழக்கை மீள அனுப்பியது. அவ்வினா விடை பெறுமுன்னரே 1972 இன் புதிய அரசியலமைப்பு வந்தது. அவ்வினாவுக்கு ஆதாரமாயிருந்த 29ஆம் பிரிவும் அதனோடு மறைந்தது.

கோடீஸ்வரன் முழு வெற்றி பெற்றார் என்று கூற முடியாது. எனினும் ஒன்றை அவர் நிலைநாட்டினார். சம்பள ஏற்றம் என்பது மேலிருந்து வீசப்படும் கொடையன்று. உழைத்தவன் நீதிமன்றில் நின்று கேட்கத்தக்க உரித்து. உரித்து என்று ஒன்றிருந்தால் அதற்குச் சான்று வேண்டும். கொடையை எதிர்பார்ப்பவனுக்குப் பணிவு போதுமாயிருக்கலாம். உரித்தைக் கேட்பவனுக்கு ஆவணமே வேண்டும். தன்மதிப்பீட்டைத் தற்புகழ்ச்சி என்று கருதுவோர் இன்னும் கொடையின் உலகில் வாழ்கின்றனர். அதனைச் சாட்சியம் என்று கருதுவோரே உரித்தின் உலகிற் காலடி வைத்தவராவர்.

அண்டை நாட்டின் அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. இந்திய அரச ஊழியரைப் பற்றிய வருடாந்த அறிக்கை நெடுங்காலம் இரகசிய அறிக்கையாகவே இருந்தது. தேவ் தத் என்னும் பொறியியலாளர்க்கு ஓராண்டில் “நன்று” என்ற குறிப்பு வழங்கப்பட்டது. பதவியுயர்வுக்கு வேண்டியதோ “மிக நன்று”. பார்வைக்குப் புகழ்மொழியாகத் தோன்றிய ஒரு சொல் அவரது முன்னேற்றத்தைத் தடுத்தது. அச்சொல் தமக்குச் சூட்டப்பட்டதும் அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. 2008 இல் இந்திய உச்ச நீதிமன்றம், நல்லதாயினும் தீயதாயினும் எல்லாக் குறிப்புகளும் ஊழியருக்குத் தெரிவிக்கப்படவேண்டும், அவற்றை ஆட்சேபிக்க அவருக்கு வாய்ப்பளிக்கப்படவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2009 இல் அங்கு இரகசிய அறிக்கை என்ற பெயரே மாற்றப்பட்டு, முழு அறிக்கையையும் ஊழியருக்குக் காட்டும் முறை வந்தது. இரகசியத்திலும் பார்க்கப் படிவம் நன்று. படிவத்திலும் பார்க்க, பதிலுரைக்கும் உரிமையோடு கூடிய படிவம் நன்று.

இனி, நம்மவருக்கே உரிய இடர்ப்பாட்டுக்கு வருவோம். அது மொழி.

இந்நாட்டின் அரசியலமைப்பு 1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 இன் பதினாறாம் திருத்தம் நிர்வாக மொழிகளை வரையறுத்தது. வடக்குக் கிழக்கிற்கு வெளியே சிங்களம் நிர்வாக மொழியாயுள்ள பிரதேசத்தில், ஒருவர் அரச அலுவலருடன் தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ளவும் மறுமொழி பெறவும் உரித்துடையவர் என்று 22ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஆயின், உத்தியோக ரீதியிற் செயலாற்றும் அலுவலரை அவ்வுரிமையிலிருந்து அதே வாசகம் விலக்கிவிடுகின்றது. இதனால் நேரும் விந்தையைக் காண்க. மருதானை அலுவலகத்தின் கருமபீடத்திற்கு வெளியே நிற்கும் தமிழர் தமிழில் எழுதலாம். உள்ளே அமர்ந்திருக்கும் தமிழர், தம்மைப் பற்றி எழுதும்போதுங்கூட, அவ்வுறுதியைத் தமக்கென்று எடுத்துக்காட்ட இயலாது. அதே உறுப்புரை, அரச சேவைக்கு ஆட்சேர்க்கும் பரீட்சைக்கு ஒருவர் தமிழில் தோற்றலாம் என்றும், சேர்ந்தபின் நியாயமான காலத்துள் மற்றைய மொழியறிவு பெறவேண்டுமென நிபந்தனை விதிக்கலாம் என்றும் ஏற்பாடு செய்கின்றது. வாயிலில் ஒருமுறை நடக்கும் பரீட்சைக்குத் தமிழ் தகும். உள்ளே ஆண்டுதோறும் நடக்கும் பரீட்சைக்குத் தகாது என்பதா?

பிற்காலத்திற் பிரதேச செயலகப் பிரிவுகள் சில இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டமையை நான் மறுக்கவில்லை. 2007 இன் 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, புதிதாகச் சேரும் ஊழியர் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்று இரு பாலார்க்கும் பொதுவாக விதித்தமையும் வரவேற்கத்தக்கதே. சிங்களம் கற்க மறுப்பது வீரமுமன்று, விவேகமுமன்று. உடனுழைக்கும் சிங்களத் தோழரோடு அவர் மொழியிற் பேசுவது மனிதப் பண்பு. ஆயின், கடமையாற்றும் அளவுக்கு ஒரு மொழியை அறிவது வேறு. தனது ஓராண்டு வாழ்க்கையை, அதன் இடர்களையும் நுட்பங்களையும், பிறர் நம்பும்படி எடுத்துரைக்கும் அளவுக்கு அறிவது வேறு. இரண்டாம் மொழியில் எழுதுபவன் தான் செய்தது அனைத்தையும் எழுதுவதில்லை. தனக்கு எழுத வருவதை மட்டுமே எழுதுகின்றான். சொல் தெரியாத இடத்திற் பணியே இல்லாமற் போய்விடுகின்றது.

இத்தோடு இன்னொன்றும் உண்டு. அதே கருமபீடத்திற்கு, இறந்துபோன கணவனின் ஓய்வூதியம் பற்றி விசாரிக்க ஒரு மூதாட்டி வருகின்றார். தமிழ் மட்டுமே அறிந்தவர். உடனே உள்ளிருக்கும் தமிழ் எழுதுவினைஞருக்கு அழைப்பு வரும். தமது கோவையை மூடிவைத்து எழுந்து சென்று, அவர் கூறுவதை மொழிபெயர்த்து, படிவத்தை நிரப்பிக் கொடுத்து, அடுத்து எங்கே போகவேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்புவார். ஒரு நாளில் இது எத்தனை முறை நிகழுமென்று எவரும் எண்ணுவதில்லை. அவரது கடமைப் பட்டியலில் இப்பணி இல்லை. தன்மதிப்பீட்டுப் படிவத்தில் இதற்குக் கட்டமில்லை. ஆனால், இப்பணியால் தாமதமான கோவைகள் மட்டும் நிலுவைக் கணக்கில் தவறாது ஏறும். அரசகரும மொழிச் சட்டத்தைக் கருமபீடத்தில் நடைமுறைப்படுத்துபவர் உண்மையில் இவரே. இவரது உழைப்பில் அரசு தன் வாக்குறுதியைக் காப்பாற்றிக்கொள்கின்றது. அவ்வுழைப்பினாலேயே இவர் பதவியுயர்விற் பின்தள்ளப்படுகின்றார். இதனை அவர் எழுதாமல் விடுவது அடக்கமென்றால், அத்தகைய அடக்கத்தால் இலாபமடைவது யார் என்று கேட்கவேண்டாமா?

மௌனத்தைக் கண்டிப்பதால், அதன் எதிர்முனையை நான் போற்றுகின்றேன் என்று கொள்ளலாகாது. நேர்முகப் பரீட்சைக்கும் பதவியுயர்வுக்கும் ஆயத்தஞ் செய்விக்கும் வகுப்புகள் இன்று பெருகிவிட்டன. அங்கே கற்பிக்கப்படுவது அடைமொழி வியாபாரம். “ஆற்றல்மிக்க”, “தலைமைத்துவம் வாய்ந்த”, “இலக்கை நோக்கிய” என்று சொற்களை அடுக்கினால் மதிப்பீடு ஆகிவிடுமாம். இதுவும் மௌனத்தின் மறுவடிவமே, இரண்டிலும் செய்தியில்லை. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்தரமேரூர்க் கல்வெட்டு ஊர்ச் சபைக்குத் தெரிவுசெய்யப்படத் தகுதியற்றவரைப் பட்டியலிட்டபோது, முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவரையும் அவர்தம் உறவினரையும் விலக்கியது. அக்கல்வெட்டை வெட்டுவித்தோர் கேட்டது கணக்கை. அடைமொழியை அவர்கள் பொருட்படுத்தவில்லை. தன்மதிப்பீட்டுக்கு அதனிலும் சிறந்த இலக்கணம் இல்லை.

கணக்குக் காட்டுவதாவது யாது? ஆண்டின் தொடக்கத்தில் என் பொறுப்பில் இருந்த கோவைகள் இத்தனை, புதிதாக வந்தவை இத்தனை, முடித்தவை இத்தனை, முடியாதவை இத்தனை, அவற்றின் காரணம் இது. கடமைப் பட்டியலுக்கு வெளியே நான் ஆற்றியவை இவை. நான் கண்ட குறை இது. அதனைத் திருத்த நான் கூறிய யோசனை இது. அது ஏற்கப்பட்டது, அல்லது ஏற்கப்படவில்லை. எனக்குத் தேர்ச்சி போதாத துறை இது. அதற்கு நான் கேட்ட பயிற்சி இது. இவ்வளவும் பெயர்ச்சொல், வினைச்சொல், எண் ஆகியவற்றாலேயே எழுதப்படக் கூடியவை. இவ்வாறு எழுதுபவனைத் தற்புகழ்ச்சிக்காரன் என்று எவரும் கூற முடியாது. பொய்யன் என்றும் கூற முடியாது. ஏனெனில் ஒவ்வொரு வரியையும் பதிவேட்டில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதற்கு நமது கல்வி நம்மை ஆயத்தஞ் செய்யவில்லை. பாடசாலையில் நாம் தன்வரலாறு எழுதாதவரல்லர். “நான் ஒரு குடை”, “நான் ஒரு பேனா”, “நான் ஒரு பத்து ரூபாய் நோட்டு” என்று எழுதி எழுதிப் புள்ளிகள் பெற்றிருக்கின்றோம். குடையின் இன்பதுன்பங்களை இரண்டு பக்கத்தில் விரித்துரைக்கத் தெரிந்த மாணவன், வளர்ந்து உத்தியோகத்தனானபின் தன் ஓராண்டு உழைப்பை அரைப் பக்கத்தில் எழுதத் தெரியாமல் திகைக்கின்றான். அவன்மேற் குற்றமில்லை. பொருள்களுக்காகப் பேசக் கற்பித்தோம். தனக்காகப் பேசக் கற்பிக்கவில்லை.

பல்கலைக்கழகத்திலும் நிலை வேறன்று. தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு மலர்களிற் செயலாளர் அறிக்கை என்று ஒன்று வெளிவருகின்றது. அது சங்கத்தின் தன்மதிப்பீடன்றோ? புரட்டிப் பாருங்கள். “விழா வெகு சிறப்பாக நடந்தேறியது.” “பட்டிமன்றம் பார்வையாளரின் ஏகோபித்த பாராட்டைப் பெற்றது.” எத்தனை பேர் வந்தனர், எவ்வளவு செலவாயிற்று, முதலாம் ஆண்டு மாணவர் ஏன் வரவில்லை என்பனவற்றை அங்கே காண முடியாது. மருதானையின் எழுதுவினைஞர் “செவ்வனே நிறைவேற்றினேன்” என்று எழுதும் கலையை எங்கே கற்றார் என்று இப்போது விளங்குகின்றதல்லவா? இங்கேதான் கற்றார்.

ஆகவே கோரிக்கைகளைத் திட்டவட்டமாக முன்வைப்போம். தன்மதிப்பீட்டுப் படிவம் இரு அரசகரும மொழிகளிலும் அமையவேண்டும். ஊழியர் தாம் விரும்பிய மொழியில் நிரப்பவும், மொழிபெயர்ப்பு வேண்டுமாயின் அதனைத் திணைக்களமே செய்யவும் வேண்டும். தன்னைப் பற்றித் தானே கூறும் சாட்சியத்தில் ஊழியர் அரசின் வாயாக நிற்பதில்லை, ஓர் ஆளாகவே நிற்கின்றார். ஆதலின், உத்தியோக ரீதியிற் செயலாற்றுவோர் என்ற விலக்கு அவருக்குப் பொருந்தாது என்று தொழிற்சங்கங்கள் வாதிடவேண்டும். கடமைப் பட்டியலுக்கு வெளியே செய்யப்படும் பணிக்கும், சிறப்பாக மொழிபெயர்ப்புப் பணிக்கும், படிவத்தில் இடமும் கணக்கிற் புள்ளியும் வேண்டும். தடைகளையும் வெற்றிடங்களையும் பதிவதற்குத் தனிப் பகுதி வேண்டும். மேலதிகாரியின் குறிப்பு ஊழியருக்குக் காட்டப்பட்டு, அவரது மறுமொழியும் கோவையிற் சேர்க்கப்படவேண்டும். இவை தமிழருக்கு மட்டும் உரிய கோரிக்கைகளல்ல. முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் தமிழ் நிர்வாகத்தின்கீழ்ப் பணிபுரியும் சிங்கள ஊழியருக்கும் இதே நியாயம் உண்டு. அவர்களுக்காகவும் நாமே முன்னின்று கேட்போமாயின், நமது கோரிக்கையின் நேர்மை ஐயத்திற்கு அப்பாற்பட்டதாகும்.

கோரிக்கைகள் நிறைவேறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத கடமைகளும் உள. இவ்வாண்டு பட்டம் பெற்று வெளியேறும் நண்பர்கள், உத்தியோகம் ஏற்கும் முதல் நாளிலேயே ஒரு குறிப்புப் புத்தகம் வாங்குவார்களாக. செய்த பணியையும் நேர்ந்த தடையையும் அன்றன்றே அதில் இரண்டு வரி எழுதுவார்களாக. கையளிக்கும் ஒவ்வொரு படிவத்தின் பிரதியையும் தம்மிடம் வைத்துக்கொள்வார்களாக. தமிழ்ச் சங்கங்கள், கண்ணகியா மாதவியா என்ற பட்டிமன்றத்தை ஓராண்டு ஒத்திவைத்து, அந்த மண்டபத்திலேயே இறுதியாண்டு மாணவர்க்கு அறிக்கை எழுதும் பயிற்சி அளிப்பார்களாக. கண்ணகி கோபித்துக்கொள்ளமாட்டாள். மதுரையில் அரசன் முன் அவள் நின்றபோது அடக்கம் கருதி வாய் மூடி நிற்கவில்லை. தான் யார் என்பதைக் கூறினாள், வழக்கை உரைத்தாள், சிலம்பை உடைத்து உள்ளிருந்த பரலைச் சான்றாகக் காட்டினாள். சான்று காட்டப்பட்ட பின்னரே தீர்ப்பு மாறியது.

நமது உத்தியோகத்தர் கையிலும் சிலம்பு இருக்கின்றது. அதனை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, நீதி கிடைக்கவில்லை என்று முறையிடுவதை இனியேனும் நிறுத்துவோம்.